சார்ஜ் ஏறாத பேட்டரி

"முப்பத்திரண்டு வருஷம் ஃபேக்டரி பூரா கரண்டைக் கட்டி மேய்ச்சவர். ஒரு பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த முடியல. கேட்டுக்க ஜெஸ்லின்!"

வாசல் படியில் உட்கார்ந்து, வலது முழங்காலைத் தடவியபடி அறிவுமதி சொன்னாள்.

வேனுக்கு அடியிலிருந்து அவள் கணவர் இளவரசனின் குரல் மட்டும் வந்தது. "கைலாசபுரம் ஃபேக்டரில நான் பாத்தது பெரிய பெரிய மோட்டார். இது வேற."

"ஆமா, இது சின்னது. அதான் கஷ்டம்."

ஜெஸ்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பாலக்கரையில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை அவளுடையது. ஸ்ரீரங்கத்தில் இந்த வீட்டுக்கு இன்றுதான் முதல் தடவை வந்திருக்கிறாள்.

ரிட்டையர் ஆனதும் இளவரசன் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து ஓடும் வீடாகவே மாற்றியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் காஷ்மீர் கிளம்புவதாகத் திட்டம். ஆனால் பத்து நாளாக, எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்குமான பின்பக்க பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை.

"இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

ஜெஸ்லின் முன்பக்க பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பதினாலு வோல்ட். பின்பக்கத்தில் பதினொன்றுதான் காட்டியது.

"அங்கேருந்து கிளம்புது. இங்க வந்து சேரல."

"மேல சோலார் வெச்சுப் பாக்கலாமா?" என்றார் இளவரசன்.

"அம்மா மண்டபம் படித்துறைக்குத் தூக்கிட்டுப் போய் காவேரில ஒரு முழுக்குப் போடுங்க. அது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு, அறிவுமதி நொண்டிக்கொண்டே காபி போட உள்ளே போனாள்.

ஜெஸ்லின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். கட்டிலுக்கு அடியில், பலகைக்குப் பின்னால் ஒரு ஃபியூஸ் பெட்டி இருந்தது. திறந்தாள். காலி.

"சார், எரிஞ்சு போயிருந்தா எரிஞ்ச ஃபியூஸாவது உள்ள இருக்கணும். இதை யாரோ கழட்டியிருக்காங்க."

இளவரசன் வாசலை ஒருமுறை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார்.

"கத்தாதம்மா. நான்தான்."

"சார்!"

"ரெண்டு வாரமா முட்டி வலின்னு நொண்டுறா. கேட்டா, 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, போலாம்'ங்கறா. காஷ்மீர் அவளோட ரொம்ப நாள் ஆசை. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. வண்டி ரிப்பேர்னா யாரைக் கோவிச்சுக்குவா? நேத்து அவளே, 'வண்டி நிக்கறப்ப டாக்டரைப் பாத்துடலாம்'னு திங்கக்கிழமைக்குப் பேர் பதிஞ்சுட்டா."

"அதுக்காகப் பத்து நாளா பேச்சு வாங்கிட்டு வேனுக்கு அடியில படுத்திருக்கீங்களா?"

"நல்ல காத்து வருது."

"அப்புறம் என்னை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"யாரையாவது கூப்பிடலன்னா சந்தேகப்படுவா. சின்னப் பொண்ணு, உன்னால கண்டுபிடிக்க முடியாதுன்னு நினைச்சேன்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள் ஜெஸ்லின்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பினாள். அறிவுமதி நொண்டியபடியே ஸ்கூட்டர் வரை கூட வந்தாள்.

"சரியாகாதாம்மா?"

"ஒரு பார்ட் வரணும் ஆன்ட்டி. ரெண்டு வாரம் ஆகும்." பொய் சொன்னதில் ஜெஸ்லினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்பாடா!" என்றாள் அறிவுமதி.

ஜெஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். அறிவுமதி வேன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இளவரசனின் கால்கள் மட்டும் தெரிந்தன. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன மாசம் காவேரி பாலத்துல எதிர்ல வந்த பஸ், கிட்ட வர்ற வரைக்கும் அவர் கண்ணுக்குத் தெரியல. எனக்கு உயிரே போயிடுச்சு. கண்ணை டெஸ்ட் பண்ணுங்கன்னா, 'எனக்கென்ன வயசாயிடுச்சா'ன்னு குதிக்கறார். நான் நொண்டினா அவரே டூரை நிறுத்திடுவார்னு பாத்தேன். நல்லவேளை, வண்டியே நின்னுடுச்சு."

"அப்போ உங்க முட்டி?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

"திங்கக்கிழமை டாக்டர்?"

"கண் டாக்டர்மா. உள்ள போய் உக்காந்தப்புறம்தான் அவருக்கே தெரியும்."