நாற்பதாவது கூட்டம்

"முப்பத்தொன்பதுதான் இருக்கு. நாற்பதாவது எங்கே?"

பேராசிரியர் ஃபைலை மேஜைமேல் வீசினார். எதிரே நின்ற உதவியாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், அது வந்து..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுது."

ஆபீஸ்களில் யார் தலைவர், யார் தலையாட்டி என்று ஆராய்வதுதான் அவர் தொழில். இருபது வருஷமாக. இந்தத் தடவை நாற்பது கூட்டங்களின் ஒலிப்பதிவு. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே வெட்டினால் தாளில் ஒரு சிவப்புக் கோடு. கோடு போடுவது உதவியாளர் வேலை.

பெண்கள், புதுசாகச் சேர்ந்தவர்கள், வேறு ஊர்க்காரர்கள். இவர்கள் பேச்சுதான் அதிகம் வெட்டுப்பட்டது. 'பேச விடுபவரே தலைவர்' என்பது புத்தகத்தின் முதல் வரி.

எந்தப் பதிவு எந்த ஆபீஸ் என்று அவருக்கே தெரியாது. வெறும் எண்தான்.

"நான் வேணும்னுதான் சார் அதை..."

"வேணும்னா? எந்த மேனேஜர் மானத்தைக் காப்பாத்தப் பார்க்கிறே?"

"அப்படி இல்லை சார், உங்களுக்கு..."

"எனக்குப் பாடம் எடுக்காதே! அட்டையில உன் பேரையும் போடலாம்னு இருந்தேன். இனி கிடையாது."

அவள் கண் கலங்கியது. மூணு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடந்ததே அந்த ஒரு பேருக்காகத்தான்.

"சார், ஒரே ஒரு நிமிஷம்..."

"அரை நிமிஷம்கூட இல்லை. பதிவைப் போடு."

"நீங்க தனியா கேட்டா..."

"போடுன்னா போடும்மா!"

போட்டாள்.

முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பேராசிரியர் அசைந்து உட்கார்ந்தார். அவர் நாற்காலியும் அதே மாதிரி கிறீச்சிட்டது.

'சார், இந்தக் கேள்வித்தாள்ல ஒரு தப்பு...' பதிவில் அவள் குரல்.

'அதை விடும்மா. நான் சொல்றதைக் கேளு.' அவர் குரல்.

திரும்பவும் அவள். திரும்பவும் அவர். திரும்பவும்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் அவரேதான் சொன்னார்: "நம்ம துறைக் கூட்டத்தையும் பதிவு பண்ணிக்கோ. நல்ல தலைமைக்கு உதாரணம் வேணாமா?"

கோடு போட்ட தாளை அவள் தயங்கித் தயங்கி நீட்டினாள். பக்கம் முழுக்கச் சிவப்பு. முப்பத்தொன்பதில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் வராது.

"உங்க பேர் கெட்டுடக் கூடாதுன்னுதான் சார் எடுத்துட்டேன்."

அவருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காதெல்லாம் சுட்டது. மேஜையில் கிடந்த ஃபைலை இழுத்து, அந்தத் தாளை அதில் சொருகினார். அட்டைக்கான பக்கத்தில் அவள் பேரையும் எழுதினார்.

"நாற்பதும் அச்சுக்குப் போகட்டும்" என்றார். அப்புறம், தரையைப் பார்த்தபடியே, "இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"இப்போ இந்த ரூம்ல மட்டும் அஞ்சு தடவை ஆரம்பிச்சேன் சார்."