பக்கத்து நாற்காலி

வெள்ள முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில், க்ளெனிஸுக்குப் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

அவள் திரும்பவில்லை. மடியில் யாரோ போர்த்திவிட்ட கம்பளி. காலில் யாருடையதோ செருப்பு.

கொஞ்ச நேரத்தில் தன்னார்வத் தொண்டராக வந்திருந்த டோனெல் என்ற பெண் டீயோடு வந்தாள். காதருகே குனிந்து கத்தினாள்.

“அம்மா, யாருக்காகக் காத்துட்டிருக்கீங்க?”

“எனக்குக் கண்ணுதாம்மா தெரியாது. காது நல்லாவே கேக்கும்.”

டோனெல் மன்னிப்புக் கேட்டாள். அதையும் சத்தமாகத்தான் கேட்டாள்.

கணவன் ரெக்ஸுக்காக என்றாள் க்ளெனிஸ். அவனுக்கும் பார்வை இல்லை.

ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது என்ற எச்சரிக்கை முந்தின நாளே கைபேசிக்கு வந்திருந்தது. கைபேசி அதை வாய்விட்டு வாசித்தது: “படம்.” மறுபடி தொட்டார்கள். “படம்.” எந்தெந்தத் தெருக்களைக் காலிசெய்ய வேண்டும் என்று நிறம் பூசிய வரைபடமாம் அது. பார்க்க அழகாக இருக்கும்போல என்று ரெக்ஸ் சிரித்தான்.

பிறகு மழை. தகரக் கூரையில் அப்படிக் கொட்டினால் வேறெதுவும் காதில் விழாது. தண்ணீர் வந்துவிட்டதைக் கணுக்கால்தான் முதலில் சொன்னது.

இருவரும் கூரைக்கடியில் ஏறி உத்தரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். விடிந்த பிறகு ஒருவர் சின்ன மீன்பிடிப் படகில் வந்து தகரத்தைப் பெயர்த்தார். படகில் ஏற்கெனவே பிள்ளைகள். இன்னும் ஒருவருக்குத்தான் இடம்.

“நீ போ. நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?” என்றான் ரெக்ஸ்.

படகுக்காரர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தனக்கே நீச்சல் தெரியாதாம். அக்கா தன்னைப் பிடிப்பதைவிடப் படகைப் பிடிப்பது நல்லதாம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளை இறக்கிவிட்டு, இதோ அவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று திரும்பிப் போனார்.

“அந்தப் படகுக்காரர் பாக்க எப்படி இருந்தாரு?” என்று கேட்டுவிட்டு, டோனெல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தெரியாதும்மா.”

“சரி, வாசல்ல விசாரிச்சுட்டு வரேன்.” போகும்போது பக்கத்து நாற்காலிக்கும் ஒரு டீ கொடுத்தாள். ‘தேங்க்ஸ்’கூட வரவில்லை.

ஒலிபெருக்கியில் பெயர்களாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு நாய் உடம்பை உதறியது. பக்கத்து நாற்காலியிலிருந்து மரத்தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்தபோதே அவளுக்குத் தெரியும்.

படகில் அவள் முகம் புதைத்திருந்த முதுகின் வாடை அது. பெட்ரோல், ஆற்றுச் சேறு. வழியெல்லாம் வாய் ஓயாத மனிதர், இங்கே வந்ததிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. பேசாதவரை அவள் கண்டுகொள்ள மாட்டாள் என்று நினைத்திருப்பார்.

வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்து வந்தது ஒரே ஆளின் காலடி.

அவர் மூச்சை இழுத்தார். “அக்கா...”

“டீயை முதல்ல குடிங்க தம்பி,” என்றாள் க்ளெனிஸ். “அப்புறம் சொல்லலாம்.”