பேச்சு இருந்தால்தான் தண்ணீர்

சிலுவைத்துறையில் கடைசியாக மிஞ்சியது இன்னாசியும் அவன் பெண்டாட்டி ரெஜீனாளும்தான். மீன் போன திசையிலேயே ஊரும் போய்விட்டது. ரெஜீனாளின் தங்கச்சி குடும்பம் படகேறியபோது இன்னாசி, "அப்பாடா, இனி நம்ம வலையை எவனும் இரவல் கேக்கமாட்டான்" என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து ரெஜீனாள் வாயே திறக்கவில்லை.

கரையில் அரசாங்கம் நட்ட கம்பம் ஊர்ப் பேச்சை ஒட்டுக்கேட்கும். பேச்சு இருந்தால் ஊர், ஊர் இருந்தால் குடிதண்ணீர். இன்று காலை அது, "ஆள் அரவம் இல்லை. தண்ணீர் நிறுத்தப்பட்டது" என்று அறிவித்துவிட்டது.

இன்னாசி அதன் முன்னே போய் நின்று கத்தினான்.

"ஒற்றைக் குரல் ஊராகாது" என்றது கம்பம்.

வீட்டுக்கு ஓடிவந்து கெஞ்சினான். ரெஜீனாள் தன் பாட்டுக்குக் கருவாடு அரிந்துகொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டு, "உன் தங்கச்சி வைக்கிற குழம்புதான் ருசி" என்றான்.

"அடப்பாவி மனுசா! அவளுக்குப் புளி கரைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தானே!" என்று தொடங்கியவள், மாமனாரின் குறட்டைவரை போய் வந்தாள்.

குழாயில் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. இன்னாசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மக்கள்தொகை, ஏறத்தாழ நாற்பது" என்றது கம்பம்.

"நாப்பதா?" ரெஜீனாள் சேலையை இழுத்துச் செருகினாள். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!"