நல்ல தண்ணி

அசைந்தால் கிழிந்துவிடும். அதனால் விடிந்ததிலிருந்து அவள் அசையவே இல்லை.

மொடமொடவென்று விறைத்து நின்றது காகிதச் சட்டை. கழுத்திலிருந்து முழங்கால்வரை கறுப்பு எழுத்து. பாரசீகத்தில் நீதி கேட்டு வருகிறவர்கள் இப்படித்தான் நிற்பார்கள், தங்கள் வழக்கைத் தாங்களே உடுத்திக்கொண்டு. எவ்வளவு கூட்டமானாலும் அந்த வெள்ளை சுல்தானின் கண்ணில் பட்டுவிடும். காகிதச் சட்டையைக் கண்டும் காணாமல் போனவர் என்று பெயரெடுக்க எந்த சுல்தானுக்கும் ஆசையிராது.

அவளுடைய வழக்கு, தண்ணீர்.

போன வருடம் ஆளுநர் வேட்டைக்குப் போகிற வழியில் அவளுடைய மலையடி ஊரில் குதிரையை நிறுத்தினார். தாகம் என்றார். அவள்தான் ஓடையில் மொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார்.

அடுத்த மாதமே ஓடையைத் திருப்பித் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டுக்கு எதிரிகூடக் கெடுதல் நினைக்காத நாடு அது. ஊரின் பாதாம் மரங்கள் பாதி பட்டுப்போயின. மீதியும் இந்தக் கோடையைத் தாங்காது. ஆனாலும் அவளுக்கு ஆறாதது வேறு.

அவர் குடித்தது அவள் கையால்.

ஆளுநரின் நகரத்தில், சுல்தான் வரப்போகிற வீதியோரம் காவல் நின்ற ஒருவன் அவளுடைய சட்டையைப் பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான். சந்தேகம் வந்து இன்னொரு முறை படித்தான்.

"ஏம்மா, ஆளுநரை வாழ்த்தவா இம்புட்டு தூரம் வந்தே?"

படிக்கத் தெரியாத அவளுக்குப் புரியவில்லை. அவன் விரலை வைத்துக் காட்டினான்.

"ஆளுநர் தயவுல எங்க ஊர்ல எந்தக் குறையும் கிடையாது, அவரு நீடூழி வாழணும்னுல்ல போட்டிருக்கு."

காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லாம் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது விளங்கியது.

சட்டையில் வழக்கை எழுதிக்கொடுத்த எழுத்தர் மெஹ்ரான் வாசித்துக் காட்டியது ஒன்று, எழுதியது வேறொன்று. பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ஆளுநர் இருக்கிற ஊரிலேயே குப்பை கொட்ட வேண்டியவர். அதோடு விட்டாரா? சுல்தான் வந்ததும் கழுத்துப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓவென்று அழு என்று யோசனை வேறு சொல்லியனுப்பியிருந்தார். அங்கே அழுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. பெரிய பெரிய வீரர்களே மார்பிலடித்துக்கொண்டு அழுவார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

முரசு கேட்டது.

வளைவில் சுல்தானின் பரிவாரம் திரும்பியது. அவருக்குப் பக்கத்துக் குதிரையிலேயே ஆளுநர்.

சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம். எறிந்தால் அவள் கூட்டத்தில் ஒருத்தி, சுல்தான் நிற்கமாட்டார். எறியாமல் நின்றால் சுல்தான் நிற்பார், படிப்பார், ஆளுநருக்கு ஒரு பட்டு அங்கியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஊருக்குப் போய் என்ன சொல்வாள்?

காலடியில் சலசலவென்று ஒரு சத்தம். வீதியை ஒட்டிப் புது வாய்க்கால் ஒன்று ஆளுநரின் தோட்டத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

தெரிந்த சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்.

காவலாள் கை நீட்டுவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். வாய்க்காலுக்குள் உட்கார்ந்தாள். கழுத்துவரை அமிழ்ந்தாள்.

மலைத் தண்ணீர், எலும்புவரை குளிர்ந்தது.

மை கரைந்தது. எது ஆளுநர், எது தயவு, எது நீடூழி என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. எல்லாம் கரைந்தது. கறுப்பாகத் திரண்டு, மெஹ்ரானின் அழகான கையெழுத்து மொத்தமும் ஆளுநரின் தோட்டத்துக்கே ஓடியது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

எழுந்து நின்றாள். உடம்போடு ஒட்டிய வெறும் வெள்ளைக் காகிதம்.

சுல்தான் குதிரையை நிறுத்தினார். காகிதச் சட்டையில் அழுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

அவள் வாய்க்காலிலேயே மறுபடி குனிந்தாள். மை கலங்காத மேல்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். கரையேறி நீட்டினாள்.

விரலிடுக்கில் ஒழுகியது. சுல்தானுக்கு யோசிக்க நேரமில்லை. தண்ணீர் நீட்டுகிற கையைத் தட்டிவிட்டுப் போகிற வழக்கமும் அங்கே இல்லை.

சுல்தான் குதிரை மேலிருந்து குனிந்தார். அவள் கையில் வாய் வைத்துக் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. அதே வார்த்தை. அதே மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு.

சுல்தான் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"யார் வீட்டுத் தண்ணிம்மா இது?"

அவள் வாயைத் திறந்தாள்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளுநர் தலையைக் குனிந்தபடி குதிரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.