செங்கல் நிறம்

சோதனைக் குழாயைத் துணிக் கிளிப்பால் பிடித்து அடுப்பு நெருப்பில் காட்டிக்கொண்டிருந்த அகதா, நிறம் மாறுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. அதிலும் நிற்காமல் செங்கல் நிறத்துக்கு வந்துதான் நின்றது.

சிறுநீரில் சர்க்கரை இல்லையென்றால் குழாயிலுள்ள மருந்து நீலமாகவே இருக்கும். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது என்று பொருள்.

அகதாவின் அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான். பெரிய மகள் கெர்ட்ரூட் யார் வீட்டிலோ வாயை வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பதின்மூன்று வயதுப் பெண் அவள். இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. இந்த நோய் என்ன செய்யும் என்று அகதாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளுடைய தம்பி, ஒன்பது வயதில், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் கேட்டே மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தான். காத்து கறுப்பு அடித்துவிட்டது என்று லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

அது இதே நோய்தான் என்று தெரிந்த பிறகு அவள் யாரையும் நம்பியதில்லை.

கணவன் லூயிஸ் வேலை விட்டு வந்ததும் அவன் சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் இருக்கிறதா என்று தேடுவாள். இப்போது அவர்கள் குடியிருக்கும் சிலிபினில் பக்கத்து வீடு, சாப்பாட்டுக் கடை ரஹீமுடையது. அவர் மனைவி ஷம்சாத் நோன்புப் பெருநாளன்று பலகாரத் தட்டோடு வந்தால், வாசலிலேயே வாங்கிக்கொண்டு வாசலிலேயே வழியனுப்பி வைப்பாள். தங்கமான மனுஷி ஷம்சாத். ஆனால் தங்கத்தையும் உரசிப் பார்க்கிற ஆள் அகதா.

போன மாதம் அந்தச் சந்தேகம் டாக்டர் மேலேயே பாய்ந்தது.

இந்த நோயாளிகளின் கூடப்பிறந்தவர்களுக்கு, நோய் வருவதற்கு முன்பே இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, வருவதைத் தள்ளிப்போட முடியுமா என்று வெளிநாட்டில் பார்க்கிறார்களாம். இங்கே அதெல்லாம் இன்னும் வரவில்லை, சின்னவள் பெட்ரீசியாவின் இரத்தத்தை மட்டுமாவது எடுத்து அனுப்பிப் பார்க்கலாமே என்றார் அவர்.

ஓடி விளையாடுகிற ஏழு வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஊசி? ஒரு மகளைக் குத்திக் குத்திப் பார்ப்பது போதாதா? அகதா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

வந்த கையோடு கெர்ட்ரூட்டுக்கு ஒரு கெடு வைத்தாள். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குத் தேவாலயப் பாடற்குழுவின் பஸ் போகிறது. முப்பது நாள் நீலம் காட்டினால் அதில் ஏறலாம்.

மகள் ஏமாற்றுவாள் என்று முதல் நாளே அவளுக்குத் தெரியும். அதனால் குளியலறையிலிருந்து வரும் சிறுநீர்க் கிண்ணத்தைத் தொட்டுப் பார்ப்பாள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கலந்திருந்தால் கை சொல்லிவிடும்.

இருபத்தைந்து நாள் வெதுவெதுப்பாகவே வந்தது, நீலமாகவே இருந்தது. சொல்லாமலேயே தங்கையை எழுப்பி, முகம் கழுவக் கூட்டிப் போகிற அளவுக்குப் பெரியவளுக்குப் பொறுப்பு வந்திருந்தது. அகதாவே கொஞ்சம் மயங்கித்தான் போனாள்.

முந்தாநாள் பச்சை. நேற்று மஞ்சள். இன்றைக்குச் செங்கல்.

நேற்று மாலை ஷம்சாத் வீட்டில் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். கெர்ட்ரூட் அங்கே அரை மணி நேரம் இருந்தாள். அகதாவுக்கு அது போதாதா?

“என்னா தின்னே? லட்டா, சிராப் தண்ணியா? மரியாதையா சொல்லிரு லா!”

கெர்ட்ரூட் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையில் பெட்ரீசியா இரண்டாவது குவளைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அகதா கொதிக்க வைத்திருந்த ஊசியை எடுத்தாள். செங்கல் நிறம் வந்தால் மருந்தை நான்கு யூனிட் கூட்டச் சொல்லியிருந்தார்கள். தேவையில்லாமல் கூட்டினால் பிள்ளை மயங்கி விழும், எழாமலும் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் கோபத்திலும் கோடுகளை ஒழுங்காக எண்ணித்தான் மருந்தை இழுத்தாள்.

ஊசி பக்கத்தில் வந்ததும் கெர்ட்ரூட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கூட்டாதீங்கம்மா. அது என்னோடது இல்ல. நம்ம பாப்பாவோடது. ஒரு மாசமா அவளத்தான் கிண்ணத்துல போகச் சொல்லி, ஒங்ககிட்ட குடுக்கிறேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திருவிழா போயிற்று. இனி அறைதான் பாக்கி.

அறை விழவில்லை.

அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. கெர்ட்ரூட் மெல்லக் கண்ணைத் திறந்தபோது, அம்மா அவளைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பெட்ரீசியா காலிக் குவளையைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டிருந்தாள்.

அகதா ஊசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு பெரியவளின் கன்னத்தை மற்றக் கையால் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“இல்ல, நீ பொய் சொல்றே. லட்டு தின்னேன்னு சொல்லு, கண்ணு. அம்மா அடிக்க மாட்டேன்.”