மைனா போட்ட வால் இறகு

அந்தக் காட்டில் பறவைகளுக்கு ஒரு வரி இருந்தது. இறகு உதிரும் பருவத்தில் ஒவ்வொரு பறவையும் தன் நெஞ்சிலிருந்து மெல்லிய இறகு ஒன்றை மருதமரப் பொந்தில் போட வேண்டும். கூட்டைப் பறிகொடுத்தவர்களுக்காக அது.

மைனாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "திருடனைப் பிடிக்கத்தான் காவல்காரக் கரிச்சான் இருக்கானே, பறிகொடுத்தவளுக்கு மெத்தை வேறயா?" என்று காடெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, வருஷாவருஷம் உதிர்ந்த வால் இறகு ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும்.

ஒரு மழைநாளில் அண்டங்காக்கை வந்து மைனாவின் கூட்டைப் பிய்த்து, முட்டைகளைத் தின்றுவிட்டது. கரிச்சான் காக்கையைத் துரத்திக்கொண்டு பறந்தது. வேடிக்கை பார்க்க எல்லாரும் பின்னாலேயே போய்விட்டார்கள். நனைந்த கிளையில் மைனா மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உள்ளே வாம்மா," என்றது பொந்தைக் காக்கும் ஆந்தை. என்ன நடந்தது என்று அது கேட்கவில்லை. "ஏதாவது சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டது.

உள்ளே நுழைந்த மைனா அப்படியே நின்றுவிட்டது. கழுத்தளவுக்கு இறகுகள். மீன்கொத்தியின் நீலம், கிளியின் பச்சை, பெயரே தெரியாத பறவைகளின் சாம்பல். அட, காக்கையின் கறுப்பும் கிடந்தது! எல்லாம் சேர்ந்து அம்மாவின் வயிற்றடி போல வெதுவெதுவென்றிருந்தது.

படுத்தபோது விலாவில் ஏதோ குத்தியது. பார்த்தால், வெள்ளை முனை வைத்த வால் இறகு. மைனா அவசரமாக அதை உருவப் பார்த்தது.

"இருக்கட்டும்மா," என்றது ஆந்தை. "அதுவும் சேர்ந்ததுதான் இந்தச் சூடு."

மைனா அதை விட்டுவிட்டது. பேசாமலிருக்கும் மைனாவை ஆந்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.