முதுகில் ஆடிய விரல்கள்

கறுப்பு வெள்ளைப் படங்களின் காலம் அது. ஸ்டுடியோ வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் லைட்மேன் தன் மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

“கதாநாயகனைத் தொட்டு நடிக்க மாட்டேன்னு அந்தக் கதாநாயகி அடம்பிடிக்குது. காதல் பாட்டுக்கு டூப்பா நீ போற. சரி, பொழப்பு. கட்டிப்பிடிக்கிறதோட நிறுத்திக்க வேண்டியதுதானே?”

“வேற என்ன பண்ணிட்டேன்?”

“கேமராவுக்கு உன் முதுகு மட்டும்தான் தெரியும். மேல பரண்ல லைட்டோட நிக்கிற எனக்கு எல்லாமே தெரியும். அந்தாள் முதுகுல உன் விரல் எதுக்கு விளையாடுது?”

அவள் நடையை எட்டிப்போட்டாள்.

“இன்னிக்கு வேணும்னேதான் ஸ்பேனரைக் கீழ போட்டேன். செட்டே பதறிப்போச்சு. நீகூடத் துள்ளின. அந்தாள் அசையணுமே! அப்படி என்ன மயக்கம்?”

அவள் நின்று, சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“வெளிய மூச்சு விட்டுடாதீங்க. அவருக்குக் காது சுத்தமாப் போயிடுச்சு. எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துச் சமாளிச்சுடுவார். பாட்டுக்கு என்ன பண்ணுவார்? எங்க வாயசைக்கணும்னு நான்தான் தட்டித் தட்டிச் சொல்றேன். முதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டே அவன் சொன்னான்.

“பாவம் மனுஷன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நாளையிலேருந்து நீ தட்ட வேணாம். அவரைக் கொஞ்சம் அண்ணாந்து பாத்துப் பாடச் சொல்லு. மேலேருந்து நானே டார்ச் அடிச்சுக் காட்டுறேன்.”